பாடும் சட்டியும் பாதிக் கதையும்

சத்தியம். சூடம் ஏற்றி அடித்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். இதில் ஒரு சொல் பொய் என்றால் நாளைக் காலையில் என் மீசை என்னை விட்டுக் கிளம்பிப் போய் எதிர்வீட்டுக்காரன் முகத்தில் உட்காரட்டும். அவனுக்கு நல்ல மீசை வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் கிடைக்காது. நடந்தது அத்தனையும் நிஜம்.

மருதம்பாறை மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் மதில், மண்டபம், யானை என்று நினைக்க வேண்டாம். ஓலை வேய்ந்த ஒரு கூடம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடு போட்ட ஒரு அடுக்களை. ஓலைக்கும் நெருப்புக்கும் நடுவில் தண்ணீர் இருக்கட்டும் என்று யாரோ யோசித்துக் கட்டியது.

அங்கே இருந்த குருவுக்கு மௌனச்சாமி என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் பேச்சைக் கேட்க மரத்துக் குரங்கு இறங்கி வந்து உட்காரும். பேச்சு நீண்டுபோனால் அதுவே ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் வாயில் வைக்கும், கொஞ்ச நேரம் நிறுத்தட்டும் என்று. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சீடர் பெயர் இசக்கிமுத்து. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கும் சீடருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் குரு அவரை 'வே' போட்டுத்தான் கூப்பிடுவார்.

மடத்தில் ஒரு வழக்கம். சாயங்காலம் உலை வைத்ததும் குரு கதையைத் தொடங்குவார். கதை முடியும்போது இலையில் சோறு ஆவி பறக்க விழவேண்டும். கதை கேட்டவர் யாரும் கை நனைக்காமல் போகக் கூடாது. குருவின் குரு பெரியசாமி காலத்துக்கும் முன்னாலிருந்து அப்படித்தான்.

இசக்கிமுத்து ஞானம் தேடி வந்தார். கையில் அகப்பையைக் கொடுத்தார்கள்.

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடைக்கல்லில் தாவி வந்து கூடத்தில் உட்காருவார். கதை சூடு பிடிக்கும். சமையல்காரனை வெட்ட ராஜா வாளில் கை வைப்பான். சரியாக அந்த நேரத்துக்கு அக்கரையில் உலைமூடி தடதடவென்று ஆடும். எழுந்து ஓட வேண்டும். பருக்கையை நசுக்கிப் பார்த்து, கஞ்சி வடித்து, பானையை நிமிர்த்தி, ரசத்தைத் தாளித்து எடுத்துக்கொண்டு வந்தால், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு கதையின் முடிவைக்கூடக் கேட்டதில்லை.

பரிமாறும்போது கேட்டுப் பார்த்தார்.

"ராஜா என்ன ஆனான்?"

"செத்துட்டான்" என்றார் ஒருவர்.

"ராஜாவா? ராணில்லா செத்தா" என்றார் அடுத்த இலைக்காரர்.

அதற்கும் அடுத்தவர், "சோத்தைப் போடும் வே" என்றார்.

குருவிடமே கேட்டார். "சொன்ன கதையைத் திருப்பிச் சொல்றதில்ல வே. ஆறிப்போன சோறு மாதிரி இருக்கும்" என்றுவிட்டார் குரு.

மனிதருக்கு அது ஒரு தாகமாகவே ஆகிவிட்டது. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு கதையை அடி முதல் நுனி வரை குருவின் வாயால் கேட்டுவிட வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. காலையில் பால் வாங்க டீக்கடைக்குப் போவார். பெஞ்சில் இருப்பவர்கள் விடமாட்டார்கள்.

"கண்டக்டரே, நேத்து சாமி என்ன கதை சொன்னாரு?"

பாதி வரை குரு சொன்னதை அப்படியே சொல்வார். பாதிக்கு மேல்? தெரியாது என்று சொல்ல ஒரு கண்டக்டருக்கு வாய் வருமா? அடுத்த பஸ் எப்போது என்று கேட்ட அத்தனை பேருக்கும் ஆயுள் முழுக்கப் பதில் சொன்ன வாய் அது. முந்தின நாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, உலை கொதிப்பதைப் பார்த்தபடி தனக்குத் தோன்றியிருந்த முடிவை எடுத்துவிடுவார். "சாமி சொன்னாரு" என்று கடைசியில் ஒரு முத்திரையும் குத்திவிடுவார்.

குத்தும்போதெல்லாம் ஒரு பயம். குரு காதுக்குப் போனால் மடத்தை விட்டு இறக்கிவிடுவார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இருந்தாலும் போக மனம் இல்லை.

இப்படி இருக்கையில் டவுனுக்குப் பென்ஷன் வாங்கப் போன ஒரு நாள், கண்ணாடி போட்ட மிக்சி, கிரைண்டர் கடை ஒன்றில் அதைப் பார்த்தார். கறுப்பாக, மழமழவென்று, தவம் செய்கிற ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஜப்பான் ரைஸ் குக்கர்யா" என்றாள் கடைப் பெண். "அரிசி தண்ணியப் போட்டுப் பட்டனை அமுக்கிட்டா நீங்க திரும்பியே பார்க்க வேண்டாம்."

"கொதிச்சா?"

"அதுவே சூட்டைக் குறைச்சுக்கும்."

"குழைஞ்சா?"

"குழையாது. பழைய அரிசியா, புது அரிசியான்னு அதுவே பார்த்துக்கும்."

"வடிக்கணும்லா?"

"வடிக்கவே வேண்டாம்யா. ஆனதும் பாட்டுப் பாடும்."

"யாரும்மா பாடுவா?"

"இதுதான்யா."

விலை கேட்டார். சொன்னாள். பக்கத்திலிருந்த கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூன்று மாதப் பென்ஷன்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. சேர்த்துவைத்த காசு இருந்தது. ஆனால் மடத்துச் சீடன் அவ்வளவு விலையில் ஒரு சட்டி வாங்கலாமா? குருவையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"ஒரு சோத்துச் சட்டிக்கு மூணு மாசப் பென்ஷனைக் கொடுக்கலாமா?"

"தங்கச் சட்டியா வே?"

"இல்ல சாமி. பாடுத சட்டி."

"என்ன பாட்டு?"

"ஜப்பான் பாட்டு. சோறு வெந்துட்டுன்னு அர்த்தம்."

"அதைத்தான் நம்ம பானை மூடியே சொல்லுதே. தாளமும் நல்லா இருக்கு."

"விறகு மிச்சம் சாமி."

"மலை பூரா விறகு கெடக்கு."

"புகை கிடையாது. கண்ணு எரியாது."

"உமக்குக் கண்ணு எரியுதா?"

"இல்ல சாமி."

"சோறு குழையுதா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வே?"

இசக்கிமுத்துவின் நாக்கு நுனி வரை வந்தது. உங்கள் கதையின் முடிவைக் கேட்க வேண்டும் என்று சொன்னால், இவ்வளவு நாள் டீக்கடையில் என்ன சொன்னீர் என்று கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டார்.

குரு விடவில்லை.

"எதுக்குன்னு தெரியாம விலை அதிகமா, குறைவான்னு நான் எப்படி வே சொல்லுவேன்? காரணத்தோட வாரும்."

இசக்கிமுத்து காரணத்தை விழுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ஆனால் டீக்கடையில் சும்மா இருக்க முடியவில்லை. பாடும் சட்டியைப் பற்றித் தினமும் ஒரு வரியாவது சொல்லாமல் டீ இறங்கவில்லை.

அந்தப் பெஞ்சின் இரண்டு முனையில் இரண்டு பேர் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மாசானம். மற்றவர் கொம்பையா. மாசானத்தின் மனைவி கொம்பையாவுக்குக் கூடப்பிறந்த அக்காள். மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். ஒரு நாள் சண்டை வந்து பாகம் பிரித்தார்கள். எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அண்டா எல்லாம் மாசானத்துக்கு. மூடி எல்லாம் கொம்பையாவுக்கு.

ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு கடை. இவரிடம் அண்டா உண்டு, மூடி இல்லை. அவரிடம் மூடி உண்டு, மூட ஒன்றும் இல்லை. மருதம்பாறையில் கல்யாணம் வைத்தவர்கள் அண்டாவை வாழையிலை போட்டு மூடி, காற்றுக்கு இலை பறக்காமல் மேலே மாப்பிள்ளையின் தம்பியை உட்காரவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அது போகட்டும். கடையை ஒட்டிய மாசானம் வீட்டில் தெருப்பக்கத்து ஜன்னல் சாத்தியே கிடந்தது. அக்காள் தம்பி முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் குரு படகுக் கதையை எடுத்தார்.

ஓர் ஆற்றில் இரண்டு பேர். படகு ஒருவனுடையது. துடுப்பு இன்னொருவனுடையது. சண்டை வந்தது. படகுக்காரன் படகைக் கரையில் இழுத்துப்போட்டு அதற்குள் படுத்துக்கொண்டான். துடுப்புக்காரன் துடுப்பைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டான். கரை முழுக்க ஆள். ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. அப்போது...

உலைமூடி ஆடியது.

மறுநாள் காலை டீக்கடை. இசக்கிமுத்து பாதி வரை சொல்லி நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றது பெஞ்சு.

கண்டக்டர் ஒரு வாய் டீ குடித்தார்.

"அப்புறம் என்ன? ஜனங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க? படகை, உள்ள படுத்திருக்கவனோட சேர்த்துத் தண்ணில தள்ளிட்டாங்க. ஆளுக்கொரு பனைமட்டையை எடுத்து வலிக்க ஆரம்பிச்சாங்க. இவன் துடுப்பைத் தூக்கிட்டு, ஏய் என்னை விட்டுட்டுப் போறியளேன்னு ஓடி வந்து தொத்துதான். அவன் உள்ள எந்திரிச்சு நிக்கான். எடமே இல்ல. ரெண்டு பேரும் நடுப்படகுல ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு நிக்காங்க. வலிக்கிறவங்க சத்தம் போடுதாங்க: சும்மா வாறவங்க உள்ள தள்ளி நில்லுங்கப்பா, வேலை செய்யுதவனுக்கு எடத்தை விடுங்கப்பா!"

கடையே சிரித்தது. டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

பெஞ்சின் இரண்டு முனையிலும் டீ ஆறிக்கொண்டிருந்தது. இசக்கிமுத்து அதைக் கவனிக்கவில்லை. "சாமி சொன்னாரு" என்று முத்திரையைக் குத்திவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் ஒரு மூடி தெருவைத் தாண்டியது.

கொஞ்ச நாள் கழித்து, உலை வைக்கும் நேரத்துக்கு, மாசானமும் கொம்பையாவும் மடத்துக்கு வந்தார்கள். இருவருமாகச் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்ததும் இசக்கிமுத்து அடையாளம் கண்டுகொண்டார். அதே கறுப்பு ஆமை.

மாசானம் குருவின் காலில் விழுந்தார். "சாமி, உங்க கதை எங்க குடும்பத்தைச் சேர்த்து வச்சுட்டு."

"எந்தக் கதை?"

"படகுக் கதை சாமி."

"ஓ."

"அந்த முடிவு இருக்கே சாமி, அது என்னைத் தூங்க விடல. எங்கள விட்டுட்டு ஊரே பனைமட்டையைத் தேட ஆரம்பிச்சிட்டுதேன்னு நினைச்சேன்."

"எந்த முடிவு?" என்றார் குரு.

இசக்கிமுத்து அகப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"உள்ள தள்ளி நில்லுங்கப்பாங்கிற முடிவு சாமி" என்றார் கொம்பையா. "அத்தான் கடை வாசல்ல முதல் மூடியைக் கொண்டு வச்சதும், ஜன்னலைத் திறந்து எங்க அக்கா எட்டிப் பார்த்தா. இன்னைக்கு மத்தியானம் அவ கையால சாப்பிட்டுட்டுத்தான் வாரேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தில் கிசுகிசுப்பு எழுந்தது. வழக்கமாக முன்வரிசையில் உட்காரும் ஒருவர் எழுந்தார். "சாமி, அன்னைக்கு நாங்க கேக்கையில ரெண்டு பேரும் முழுகில்லா போனாங்க?"

"முழுகினா ஊருக்கு என்ன லாபம்? உட்காரும் வே" என்றார் குரு. பிறகு கொம்பையாவிடம் திரும்பினார். "நீங்க அந்த முடிவை முழுசாச் சொல்லுங்க. நான் கேக்கணும்."

கொம்பையா சொன்னார். விட்டுப்போனதை மாசானம் சேர்த்தார். ஒருவன் மேல் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றதை இருவரும் நின்றே காட்டினார்கள். குரு சிரித்த சிரிப்பில் மரத்துக் குரங்கு பக்கத்து மலைக்குப் போய்விட்டது.

"கண்டக்டர் அண்ணாச்சி டீக்கடையில இந்தச் சட்டியைப் பத்தித்தான் புலம்பிட்டே இருப்பாரு" என்றார் மாசானம். "பாதி நான், பாதி மாப்ள. வெலை பார்க்கல சாமி. உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுததுன்னு தெரியல."

"அடுக்களையில கொண்டு வையுங்க. வச்சுட்டு அங்கயே கும்பிட்டுட்டு வாங்க."

"அங்க எதைச் சாமி கும்பிட?"

"என்ன இருக்கோ அதை."

இருவரும் ஓடையைத் தாண்டிப் போய், பெட்டியை வைத்து, ஒன்றும் புரியாமல் கரிப்பானையைக் கும்பிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இசக்கிமுத்து அடுக்களைக்கு ஓடினார். மூலையில் கிடந்த தன் துணிப்பையை எடுத்தார். நிமிர்ந்தால் வாசலில் குரு. அவர் ஓடையைத் தாண்டி அங்கே வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"எங்க கிளம்பிட்டீரு?"

"போயிருதேன் சாமி. பொய் சொல்லிட்டேன்."

"எத்தனை நாளா?"

"வந்த நாளா."

"எல்லாக் கதைக்குமா?"

"எல்லாக் கதைக்கும்."

குரு அம்மிக்கல்லில் உட்கார்ந்தார். "அந்த ராஜா கதைக்கு என்ன வே சொன்னீரு?"

"எந்த ராஜா?"

"சமையக்காரனை வெட்ட வாளுல கை வச்சானே."

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "வாள் துருப்பிடிச்சு உறையை விட்டு வரலைன்னு சொன்னேன். மந்திரி ஒரு பக்கம் இழுக்கான், ராஜா ஒரு பக்கம் இழுக்கான். சமையக்காரன்தான் பாவம் பார்த்து எண்ணெய் கொண்டாந்து ஊத்துதான். எண்ணெய் ஊத்தினவனை எப்படி வெட்ட? காய் நறுக்க வச்சுக்கோன்னு வாளை அவன்கிட்டயே கொடுத்துட்டான்."

"அட!" குரு தொடையில் தட்டினார். "நான் அன்னைக்கு ராஜாவைக் கொன்னுட்டேன் வே. ராணியையும். வேற வழி தெரியல."

இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பச் சொல்லும். எதுக்கு இந்த மிஷின்?"

"ஒரு கதை முடிவையாவது உங்க வாயால கேக்கணும் சாமி. அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல."

மௌனச்சாமி அன்றுதான் பெயருக்குத் தகுந்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"படகுக் கதை பெரியசாமி எங்களுக்குச் சொன்னது" என்றார் கடைசியில். "ஆறு ஏறிக்கிட்டே வர்றது வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு."

"அதுக்கு மேல?"

"உலை கொதிச்சிட்டு."

இசக்கிமுத்துவுக்கு அது விளங்க நேரம் ஆனது.

"நீங்களா சாமி வடிச்சீங்க?"

"பின்ன? உம்ம கையில இருக்க அகப்பை யாருதுன்னு நினைச்சீரு?"

"அப்ப நீங்க சொல்லுத முடிவெல்லாம்..."

"இந்த அடுப்பு முன்னால உட்கார்ந்து சேர்த்தது. சரக்கு தீர்ந்து ரொம்ப நாளாச்சு வே. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா முழுகடிச்சுட்டு இருக்கேன்."

"பெரியசாமிக்காவது நெசமான முடிவு தெரிஞ்சிருக்கும்லா?"

"அவரு, அவரு குருவுக்கு வடிச்சவரு."

இசக்கிமுத்து துணிப்பையைப் பழைய இடத்திலேயே வைத்தார். கையைக் கூப்பினார். யாரைக் கும்பிடுகிறோம், குருவையா, அடுப்பையா, அந்தப் பாத்திரக் கடைக்காரர்களையா என்று அவருக்கே தெரியவில்லை. கண் எரிந்தது. அடுப்பில் அப்போது புகை இல்லை.

பிறகு அவர் பெட்டியைப் பார்த்தார். "அப்ப இது சாமி? இவ்வளவு வெலைக்கு..."

குரு பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சாமான். அந்த ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. எந்த வெலை சொன்னாலும் தகும். நனையாம வையும். உமக்கும் எனக்கும் கை நடுங்குத காலம் ஒண்ணு வரும். அப்ப இது பாடட்டும். நாம ரெண்டு பேரும் கூடத்துல உட்கார்ந்து, எவனாவது சொல்லுததை முழுசாக் கேப்போம்."

சொல்லிவிட்டு எழுந்தார். இசக்கிமுத்துவின் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். அரிசியைக் களைந்து உலையில் போட்டார். அகப்பையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூடியை வைத்தார்.

"கூடத்துல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. போய் ஆரம்பியும்."

"நானா? என்ன கதை சாமி?"

"உமக்குத் தெரிஞ்சது ஏதாவது. நானும் வந்து உட்காருதேன். பாதியில எழுந்து ஓடுவேன், தப்பா நினைக்காதேயும்."

இவ்வளவுதான். கேட்டவர்கள் கேட்டதோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடமாவது சொல்லித்தான் தீர வேண்டும் என்றால் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. யார் சொன்னது என்று மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்.